யாரையும் நம்பாதீங்க, கேஜை நம்புங்க: பழைய இன்ஜெக்‌ஷன் காரில் ஃபியூயல் ப்ரெஷர் பார்ப்பது எப்படி?

(ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

பள்ளிப்பட்டிலிருந்து பேசுறேன்.

போன சில வாரங்களா வர்ற மெயில்களில் ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில வருது. "காருக்கு இருபத்தஞ்சு வயசு ஆச்சு. காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிடுது. ஆனா ஓட்டி முடிச்சு, சூடா நிறுத்தி, அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு மெக்கானிக் இன்ஜெக்டர் மாத்தணும்கிறார். இன்னொருத்தர் பம்ப் போச்சுங்கிறார். மூணாவது ஆள் ஈசியூ மேல கை வைக்கிறார். யாரை நம்புறது?"

என் பதில்: யாரையும் நம்ப வேண்டாம். ஒரு ப்ரெஷர் கேஜ் வாங்கி, அது காட்டுற நம்பரை நம்புங்க.

நான் வேலையில சாஃப்ட்வேர் ஆள். அங்க ஒரு சர்வர் மெதுவா ஓடுதுன்னா, உடனே புது சர்வர் வாங்க மாட்டோம். முதல்ல லாக் எடுத்துப் பார்ப்போம். கார்ல மட்டும் ஏன் தலைகீழா செய்யணும்? இன்ஜெக்‌ஷன் கார்ல பெட்ரோல் பக்கத்துக்கு லாக் மாதிரி இருக்கிறது ஃபியூயல் ப்ரெஷர்தான். இன்னைக்கு அதை எப்படி அளக்கிறது, நம்பர் சரியில்லன்னா என்ன அர்த்தம், எந்தக் கார்ல அதை செட் பண்ணலாம், எந்தக் கார்ல தொடவே கூடாது, இதையெல்லாம் பார்க்கலாம்.

நம்ம மாவட்டத்துக் கார்

உதாரணத்துக்கு ஒரு கார் எடுத்துக்கறேன். மிட்சுபிஷி லான்சர். ஜப்பான் பேருதான், ஆனா நம்ம ஊர்ல ஓடுற பழைய லான்சர் எல்லாம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல செஞ்சது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அதாவது அம்பாசடர் செஞ்ச அதே கம்பெனி, மிட்சுபிஷியோட சேர்ந்து திருவள்ளூர் ஆலையில 1998-ல் இந்தக் காரைக் கொண்டு வந்தாங்க. பெட்ரோல் மாடல்ல 1.5 லிட்டர் இன்ஜின், நாலு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர். அந்தக் காலத்துல டிக்கியில "எம்பிஎஃப்ஐ"ன்னு ஒட்டியிருந்தாலே தெருவுல ஒரு மரியாதை.

சட்டப்படி இது இன்னும் கிளாசிக் இல்ல. 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டின வண்டிதான் வின்டேஜ். அந்தக் கணக்குல 1998 லான்சர் 2048-க்கு அப்புறம்தான் அந்த வரிசையில நிக்கும். அதுவரைக்கும் அது ஓடணுமே! பதினஞ்சு வருஷம் முடிஞ்ச சொந்தக் காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும், இடையில புகை சர்ட்டிஃபிகேட் எடுக்கணும். ப்ரெஷர் தப்பா இருக்கிற வண்டி அங்கதான் முதல்ல மாட்டும். அதனால இது ஆசைக்குக் கார் வெச்சிருக்கிறவங்க விஷயம் மட்டும் இல்ல. வீட்ல இருக்கிற ஒரே காரை ஓட்ட முடியுமா, இல்ல எடைக்குப் போடணுமாங்கிற விஷயம்.

மேல்நிலைத் தொட்டியும் குழாயும்

ப்ரெஷர் ஏன் இவ்வளவு முக்கியம்? கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் பம்ப் தர்ற அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ அளவுதான். பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணத்துல போய் நின்னா போதும், மீதியைக் காத்து உறிஞ்சிக்கும். இன்ஜெக்‌ஷன் கார் அப்படி இல்ல. லான்சர் மாதிரி வண்டியில பெட்ரோல் பைப்புல 50 பிஎஸ்ஐ வரைக்கும் அழுத்தம் இருக்கும். கார் டயர்ல முப்பது சொச்சம் காத்து அடிக்கிறோம் இல்லையா, அதை விட அதிகம்.

இப்போ ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைச்சுப் பாருங்க. தொட்டி நிறைஞ்சிருக்கும்போது குழாயைப் பத்து விநாடி திறந்தா ஒரு குடம் நிறையும். தண்ணி கீழ இறங்கிட்டா அதே பத்து விநாடியில அரைக் குடம்தான். காரோட கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, குழாயைத் திறந்து மூடுற ஆள். ஒவ்வொரு தடவையும் சில மில்லிசெகண்ட். எவ்வளவு நேரம் திறக்கணும்னு அது கணக்குப் போடும். ஆனா தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. "அழுத்தம் சரியா இருக்கு"ன்னு நம்பித்தான் எல்லாக் கணக்கும். இந்தக் காலத்துப் பழைய கார்கள்ல பெட்ரோல் ப்ரெஷருக்குன்னு தனி சென்சார் கிடையாது.

இன்னொரு சிக்கல் இருக்கு. இன்ஜெக்டரோட வாய் இருக்கிறது இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள. ஐடிலிங்ல அங்க வெற்றிடம் இருக்கும், அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா அந்த இழுப்பு கிட்டத்தட்ட காணாமப் போயிடும். குழாய்க்கு மேல தள்ளுற அழுத்தம் ஒண்ணு, கீழ உறிஞ்சுற இழுப்பு ஒண்ணு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எவ்வளவு பெட்ரோல் வரும்னு முடிவு பண்ணுது.

அந்த வித்தியாசத்தை ஒரே மாதிரி வெச்சிருக்கத்தான் ரெகுலேட்டர். சின்னத் தகர டப்பா மாதிரி ஃபியூயல் ரெயில் ஓரத்துல உட்கார்ந்திருக்கும். உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு ஸ்ப்ரிங். அதிகமா வர்ற பெட்ரோலை ரிட்டர்ன் லைன் வழியா டாங்குக்கே திருப்பி அனுப்பும். அதோட தலையில இருந்து ஒரு மெல்லிய வேக்கம் ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டுல இழுப்பு கூடினா ரெகுலேட்டர் ப்ரெஷரைக் குறைக்கும், இழுப்பு குறைஞ்சா கூட்டும். ஈசியூவுக்குத் தெரியாமலே அதோட நம்பிக்கையைக் காப்பாத்துறது இந்த டப்பாதான்.

லான்சர் குடும்பத்து மிட்சுபிஷி இன்ஜின்களுக்கு நம்பர் இது: ஐடிலிங்ல வேக்கம் ஹோஸ் மாட்டியிருக்கும்போது சுமார் 265 கிலோபாஸ்கல், அதாவது 38 பிஎஸ்ஐ. ஹோஸைக் கழற்றினா 324 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 47 முதல் 50 பிஎஸ்ஐ. நடுவுல வர்ற வித்தியாசம் சுமார் பத்து பிஎஸ்ஐ. அதுதான் மேனிஃபோல்டோட இழுப்பு. உங்க கார் வேறன்னா நம்பரும் வேற. உங்க மாடலோட வொர்க்‌ஷாப் மேனுவல்ல பாருங்க. பக்கத்து வீட்டுக் காரோட நம்பர் உங்களுக்கு உதவாது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

இது பெட்ரோல். அழுத்தத்துல இருக்கிற பெட்ரோல். ஒரு ஊசித் துளை இருந்தாலும் புகை மாதிரி பீய்ச்சும், சூடான சைலன்சர் பைப்புல பட்டா போச்சு. அதனால சில விஷயம் பேச்சுக்கே இடமில்லாம செய்யணும்.

இன்ஜின் ஆறி இருக்கணும். மூடின ஷெட்டுக்குள்ள வேண்டாம், வெளிய காத்தோட்டமா நிறுத்துங்க. கைக்கெட்டுற தூரத்துல பவுடர் டைப் தீயணைப்பான் இருக்கணும். பக்கெட் தண்ணி பெட்ரோல் தீக்கு ஆகாது, தீயை மிதக்க விட்டுப் பரப்பிடும். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்துல கூடாது. கண்ணாடி போடுங்க. தனியா செய்யாதீங்க, ஒரு ஆள் சாவிகிட்ட இருக்கணும்.

முதல் வேலை, லைன்ல இருக்கிற அழுத்தத்தை இறக்குறது. பம்போட கனெக்டரையோ, ஃபியூஸையோ, ரிலேவையோ கழற்றிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. லைன்ல இருக்கிற பெட்ரோல் தீர்ந்ததும் தானா நின்னுடும். இன்னும் ரெண்டு மூணு செகண்ட் செல்ஃப் அடிங்க. அப்புறம் சாவியை ஆஃப் பண்ணி, டாங்க் மூடியைத் திறந்து மூடி, பேட்டரியோட நெகடிவ் டெர்மினலைக் கழற்றுங்க. அதுக்கு அப்புறமும் ஜாயின்ட்டைச் சுத்தி ஒரு துணி வெச்சுத்தான் லூஸ் பண்ணணும். கொஞ்சம் வழியும். அந்தத் துணியை வெயில்ல விரிச்சுக் காய வைங்க, சுருட்டி மூலையில போடாதீங்க.

கேஜ் எது வாங்கணும்? 0 முதல் 100 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டுறது போதும். ஒரு டி-ஜாயின்ட்டும், உங்க கார் ஜாயின்ட்டுக்குப் பொருந்துற அடாப்டரும் வேணும். பம்புக்கும் ரெயிலுக்கும் நடுவுல, ஃபில்டருக்கு அப்புறம் அந்த டி வரணும். ரிட்டர்ன் லைன்ல மாட்டினா ஒண்ணும் தெரியாது. கழற்றின இடத்துல ஓ-ரிங்கோ வாஷரோ இருந்தா புதுசு போடுங்க.

ஹோஸ் விஷயத்துல சிக்கனம் வேண்டாம். கடையில "பெட்ரோல் பைப்"னு கேட்டா கார்புரேட்டர் வண்டிக்கான பைப்பைக் கொடுத்துடுவாங்க. பைப் மேலயே எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க. எஸ்ஏஇ ஜே30 ஆர்7-ன்னா குறைஞ்ச அழுத்தத்துக்கு. ஆர்9-ன்னாதான் இன்ஜெக்‌ஷனுக்கு. கிளாம்ப்பும் ஓரம் மழமழன்னு மடிச்சிருக்கிற இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்பா இருக்கணும். துளை போட்ட சாதா கிளிப் ரப்பரை அறுத்துடும்.

அஞ்சு அளவு

கேஜ் மாட்டியாச்சு, பம்ப் கனெக்‌ஷனும் பேட்டரியும் திரும்பப் போட்டாச்சு. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க. அஞ்சு அளவு எடுக்கப் போறோம்.

ஒண்ணு, சாவியைப் போட்டதும். பல கார்கள்ல சாவி ஆன் பண்ணினதும் பம்ப் ஓரிரு செகண்ட் ஓடி நிக்கும். முள் ஏறுதான்னு பாருங்க. அதை விட முக்கியமா எல்லா ஜாயின்ட்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா அங்கயே நிறுத்தி, சரி பண்ணிட்டுத்தான் அடுத்தது.

ரெண்டு, ஐடிலிங்ல, வேக்கம் ஹோஸ் மாட்டின நிலையில. முள் நிலையா நிக்கணும். எழுதிக்கோங்க.

மூணு, வேக்கம் ஹோஸை ரெகுலேட்டர் பக்கம் கழற்றி, ஹோஸ் வாயை விரலால அடைச்சுக்கோங்க. முள் பட்டுன்னு மேல ஏறணும். எழுதிக்கோங்க. இந்த இடத்துல காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. கழற்றின ஹோஸுக்குள்ள பாருங்க, முகர்ந்து பாருங்க. அங்க காத்து மட்டும்தான் இருக்கணும். பெட்ரோல் ஈரமோ நெடியோ இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். கேஜே வேண்டாம், ரெகுலேட்டரை மாத்துங்க.

நாலு, ஹோஸைத் திரும்ப மாட்டி, ஆக்சிலேட்டரை ரெண்டு மூணு தடவை உதறி விடுங்க. மிதிக்கும்போது ப்ரெஷர் விழக்கூடாது. விழுந்தா தேவைக்கு ஏத்த பெட்ரோல் வரல.

அஞ்சாவது அளவைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுடுவாங்க. இன்ஜினை நிறுத்திட்டு, கேஜைப் பார்த்துக்கிட்டே ரெண்டு நிமிஷம் நில்லுங்க. முள் இறங்காம நிக்கணும். சூடா இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு விடை பெரும்பாலும் இந்த ரெண்டு நிமிஷத்துலதான் இருக்கு. ஏன்னா இன்ஜின் நின்ன பிறகு அதோட சூடு ரெயிலுக்கு ஏறும். அழுத்தம் இருந்தா பெட்ரோல் திரவமாவே இருக்கும். அழுத்தம் இறங்கிட்டா ஆவியாகிடும். அடுத்த தடவை செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டர் வழியா வர்றது ஆவி. நம்ம பக்கம் ஏப்ரல், மே வெயில் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

நம்பர் என்ன சொல்லுது?

ப்ரெஷர் குறைவா இருந்தா காரணம் மூணுல ஒண்ணு. ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலமிழந்தது, இல்ல ரெகுலேட்டர் சரியா மூடாம எல்லாத்தையும் ரிட்டர்னுக்கு அனுப்புறது. விலை குறைஞ்சதிலிருந்து ஆரம்பிங்க. முதல்ல ஃபில்டர். டாங்குக்குள்ள பம்பையும் அதோட குழாயையும் இணைக்கிற சின்ன ஹோஸ் வெடிச்சிருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும். பம்பைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அந்தத் துண்டு ஹோஸைப் பாருங்க.

ப்ரெஷர் அதிகமா இருந்தா ரெகுலேட்டர் இறுகியிருக்கும், இல்லன்னா ரிட்டர்ன் லைன்ல அடைப்போ நசுங்கலோ இருக்கும். கார் அடியில ஸ்பீட் பிரேக்கர் இடிச்சு ரிட்டர்ன் பைப் நசுங்குறது கிராமத்து ரோட்டுல சகஜம்.

ஹோஸ் மாட்டினாலும் கழற்றினாலும் ஒரே நம்பர் வந்தா, வேக்கம் ஹோஸ் வெடிச்சிருக்கும், இல்ல அந்தத் துவாரம் கரி பிடிச்சு அடைச்சிருக்கும். அதுவும் சரின்னா ரெகுலேட்டர் ஒட்டிக்கிட்டிருக்கு.

நிறுத்தினதும் முள் சடார்னு கீழ விழுந்தா, பம்புக்குள்ள இருக்கிற செக் வால்வு மூடல. மெதுவா, ரெண்டு நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா இறங்கினா, ஒண்ணு இன்ஜெக்டர் சொட்டுது, இல்ல ரெகுலேட்டர் கசியுது. இந்த ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு. இன்ஜினை நிறுத்தின உடனே ரிட்டர்ன் ஹோஸை அதுக்குன்னு இருக்கிற மழமழ கிளாம்ப்பால மெல்ல இறுக்குங்க. இப்போ முள் நின்னுடுச்சுன்னா ரெகுலேட்டர் வால்வு வழியாதான் போயிருக்கு. இன்ஜின் ஓடும்போது இதைச் செய்யாதீங்க, ப்ரெஷர் கண்டபடி ஏறிடும். ஹோஸ் பழசா, வெடிப்பு விட்டதா இருந்தாலும் செய்யாதீங்க. முதல்ல ஹோஸை மாத்துங்க.

மாமா கார்

இதெல்லாம் காகிதத்துல நல்லா இருக்கு, நிஜத்துல எப்படின்னு கேப்பீங்க. எங்க மாமாகிட்ட ஒரு 2000 மாடல் லான்சர் பெட்ரோல் இருக்கு. ரெண்டாவது கையா வாங்கினது. குடும்பத்துக்கு ஒரே கார். ஆஸ்பத்திரின்னாலும் அதுதான், நகரிக்குக் கல்யாணம்னாலும் அதுதான்.

பிரச்சினை வந்தது திருத்தணி மலையில. படி ஏற முடியாதுன்னு அத்தையை மேல வரைக்கும் கார்ல கூட்டிட்டுப் போயிருக்கார். தரிசனம் முடிஞ்சு வந்து எடுத்தா, செல்ஃப் சுத்துது, பிடிக்கல. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு அடிச்சா, பின்னாடி ஒரு கறுப்புப் புகை கக்கிட்டு ஸ்டார்ட் ஆச்சு. அதுக்கப்புறம் அது வாடிக்கையாயிடுச்சு. மைலேஜ் இறங்கிச்சு. புகை டெஸ்ட்ல கார்பன் மோனாக்ஸைடு அதிகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு சிட்டி வொர்க்‌ஷாப்ல காட்டினப்போ நாலு இன்ஜெக்டர், பம்ப் ரெண்டையும் மாத்தணும்னு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தாங்க. அந்தக் காசுக்கு மாமா, "பேசாம வித்துடலாமாடா?"ன்னு கேட்டார்.

நானும் உள்ளூர் மெக்கானிக் அண்ணனும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கேஜ் மாட்டினோம். ஐடிலிங்ல 38. ஹோஸ் கழற்றினா 48. மிதிச்சா விழல. ரெண்டுமே மேனுவல் நம்பர். "பம்ப் நல்லா இருக்குப்பா"ன்னார் அண்ணன். பாதி எஸ்டிமேட் அங்கயே கழிஞ்சுது. அப்புறம் இன்ஜினை நிறுத்தினோம். முள் நிக்கல. சடார்னும் விழல. மெதுவா, கடிகார முள் மாதிரி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. ரிட்டர்னை இறுக்கியும் நிக்கல. அப்போ இன்ஜெக்டரா? அண்ணன் வேக்கம் ஹோஸைக் கழற்றி மூக்குகிட்ட கொண்டு போனார். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு என்கிட்ட நீட்டினார். பெட்ரோல்.

டயாஃப்ரம்ல ஊசி முனை அளவு ஓட்டை. இன்ஜின் ஓடும்போது பம்ப் அதை ஈடு கட்டிடுது, அதனால நம்பர் சரியா வருது. நிறுத்தினா லைன்ல மிஞ்சின பெட்ரோல் அந்த ஓட்டை வழியா வேக்கம் ஹோஸுக்குப் போய், மேனிஃபோல்டுக்குள்ள குளம் கட்டுது. அடுத்த ஸ்டார்ட்ல அது கறுப்புப் புகை. ஓடும்போதும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போறது மைலேஜ் இழப்பு, கார்பன் மோனாக்ஸைடு. எல்லாப் புகாருக்கும் ஒரே டப்பா. ஆயில் கேஜ் குச்சியை எடுத்து முகர்ந்தா அதுலயும் பெட்ரோல் நெடி. அதனால இன்ஜின் ஆயிலையும் மாத்தினோம். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது.

ரெகுலேட்டர் தேடுறதுலதான் கவனம் தேவைப்பட்டுச்சு. லான்சர் பார்ட் சுலபமா கிடைக்காது. "இது அப்படியே உட்காரும் தம்பி"ன்னு கடையில ஒண்ணு காட்டினாங்க. உருவம் அச்சு அசல் அதேதான். ஆனா மேல பதிச்சிருந்த நம்பர் 3.0 பார். நமக்கு வேண்டியது சுமார் 3.3. போட்டா கார் ஓடும், ஆனா ஒவ்வொரு தடவையும் அஞ்சு சதவீதம் பெட்ரோல் குறைவா போகும். அதை வேண்டாம்னுட்டு, சரியான நம்பர் உள்ளது வர்ற வரைக்கும் ரெண்டு வாரம் காத்திருந்தோம். மாட்டினதும் மறுபடி அஞ்சு அளவும் எடுத்தோம். ரெண்டு நிமிஷம் முள் அசையல. அடுத்த வாரம் புகை சர்ட்டிஃபிகேட் கிடைச்சுது. கார் வித்தாகல.

செட் பண்றது யாருக்கு?

"சரி, ப்ரெஷரை எப்படி செட் பண்றது, எந்த ஸ்க்ரூவைத் திருகுறது?" லான்சர், சான்ட்ரோ, எஸ்டீம் மாதிரி கார் வெச்சிருக்கிறவங்களுக்குப் பதில்: உங்க ரெகுலேட்டர்ல ஸ்க்ரூ கிடையாது. ஃபேக்டரியில மடிச்சு மூடினது. அங்க செட் பண்றதுன்னா, நம்பரைக் கெடுக்கிறது எதுன்னு கண்டுபிடிச்சு மாத்துறதுதான்.

ஸ்க்ரூ இருக்கிறது அதுக்கு முந்தின தலைமுறையில. 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 கார்ல பாஷ் கம்பெனியோட டி-ஜெட்ரானிக் வந்துச்சு. அந்த "டி" ஜெர்மன் மொழியில அழுத்தம்னு அர்த்தம் வர்ற 'ட்ருக்'ங்கிற சொல்லோட முதல் எழுத்து. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கணக்குப் போடுற சிஸ்டம். ஆக்சிஜன் சென்சார் கிடையாது, தப்பைத் திருத்திக்கிற வழியும் கிடையாது. அதனால ப்ரெஷர் துல்லியமா இருந்தே ஆகணும். ரெகுலேட்டர் தலையில ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். பொதுவா சுமார் 2 பார், அதாவது 29 பிஎஸ்ஐ. லாக் நட்டை லூஸ் பண்ணி, ஸ்க்ரூவை உள்ள திருகினா கூடும், வெளிய திருகினா குறையும். கால் சுத்துக்கும் குறைவா திருகி, முள் நிலைக்கிற வரைக்கும் நின்னு பாருங்க. நம்பர் வந்ததும் லாக் நட்டை இறுக்கி, திரும்ப ஒரு தடவை பாருங்க. இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்திடும். அறுபது, எழுபதுகளோட இறக்குமதிக் கார் வெச்சிருக்கிறவங்க இதைக் குறிச்சுக்கோங்க. பழைய மெர்சிடிஸ் சிலதுல இருக்கிற கே-ஜெட்ரானிக் முழுக்க வேற கதை. அங்க அழுத்தம் 5 பார் பக்கம், அட்ஜஸ்ட் பண்றது மெல்லிய தகடு வெச்சு. அதுக்குத் தனி கேஜ், தனி எபிசோட்.

ஒரு எச்சரிக்கை. கடையில அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர்னு பளபளன்னு விக்குது. "ப்ரெஷரை ஏத்தினா பிக்கப் வரும்"னு சொல்வாங்க. கணக்குப் பாருங்க. பெட்ரோல் அளவு ப்ரெஷரோட வர்க்கமூலத்துக்குத் தகுந்துதான் கூடும். பத்து சதவீதம் ப்ரெஷர் ஏத்தினா அஞ்சு சதவீதம் பெட்ரோல் கூடும், அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சார் இருக்கிற கார்ல, சாதாரணமா ஓட்டும்போது ஈசியூ அதைக் கவனிச்சுத் திறக்கிற நேரத்தைக் குறைச்சிடும். உங்களுக்குக் கிடைச்சது ஒண்ணும் இல்ல. பம்புக்குக் கூடுதல் சுமை, பழைய ஹோஸுக்குக் கூடுதல் அழுத்தம், அவ்வளவுதான். இன்ஜின் வேலை செஞ்சு மாத்தினவங்களுக்கு அது தேவைப்படலாம். அவங்களும் வேக்கம் ஹோஸைக் கழற்றி வெச்சுத்தான் செட் பண்ணணும்.

ஈ20 பத்தி ஒரு வார்த்தை

கடைசியா எல்லாரும் கேக்கிறது. 2023 பிப்ரவரியில ஈ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வர ஆரம்பிச்சுது. எத்தனாலுக்கு அதே காத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேணும். கலப்பே இல்லாத பெட்ரோலோட ஒப்பிட்டா ஈ20-க்குச் சுமார் எட்டு சதவீதம் அதிகம். "அப்போ ப்ரெஷரை ஏத்தி ஈடு கட்டலாமா?" ஆக்சிஜன் சென்சார் வேலை செய்ற கார்ல வேண்டாம், ஈசியூ அதைப் பார்த்துக்கும். முதல்ல சென்சார் நல்லா இருக்கான்னு பாருங்க. டி-ஜெட்ரானிக் மாதிரி சென்சார் இல்லாத கார்ல கலவையைத் திருத்த வேண்டி வரலாம். அதையும் புகை அனலைசர் பக்கத்துல வெச்சுத்தான் செய்யணும், காதால கேட்டு இல்ல.

உண்மையான கவலை ரப்பர். இந்தக் கார்களோட ஹோஸும், ஓ-ரிங்கும், டயாஃப்ரமும் இவ்வளவு எத்தனாலை நினைச்சு செஞ்சது இல்ல. அதுக்கு மேல கால் நூற்றாண்டு வயசு வேற. அதனால பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பெட்ரோல் ஹோஸையும் வளைச்சுப் பாருங்க. வெடிப்பு, வீக்கம், பிசுபிசுப்பு எது தெரிஞ்சாலும் மாத்துங்க. ஒரு மீட்டர் ஆர்9 ஹோஸோட விலையையும் நடுரோட்டுல எரியுற காரையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

இன்னைக்கு இவ்வளவுதான். அளவு எடுத்ததும் அந்த அஞ்சு நம்பரையும் தேதியோட ஒரு சீட்டுல எழுதி ஆர்சி கவர்லயே வெச்சுடுங்க. அடுத்த தடவை யாராவது "பம்ப் போச்சு"ன்னா, அந்தச் சீட்டை நீட்டி "எந்த நம்பர் மாறியிருக்கு அண்ணே?"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா சந்தோஷப்படுவார்.

அடுத்த எபிசோட்ல ஆக்சிஜன் சென்சார். மல்டிமீட்டர் ஒண்ணு எடுத்து வைங்க. சந்திப்போம்.